இஞ்சி வேறு, சுக்கு வேறு

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள் நின்றன. 1990களில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மரங்கள் மறைந்தாலும் இஞ்சித் தேநீர் மறையவில்லை. உணவங்காடியில் 'தே ஹாலியா' என்று கேட்டால் இன்றும் கிடைக்கும். பால்வெட்டுக்குப் புறப்படுமுன் நாம் காய்ச்சிக் குடிப்பதும் அதுவே.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் 'ஜிஞ்சரால்' என்னும் பொருளாகும். இஞ்சியை உலர்த்தும்பொழுது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீர்க்கூற்றை இழந்து 'ஷோகால்' ஆக மாறுகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரமானது. சுக்கு சுள்ளென்று உறைப்பது இதனால்தான். சமைக்கும்பொழுதோ 'ஜிஞ்சரோன்' உண்டாகிறது. காரம் தணிந்து இனிய மணம் எழுகிறது. இஞ்சியையும் சுக்கையும் நம் பாட்டிமார் இரு வேறு மருந்துகளாகவே கையாண்டனர். வேதியியலும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

மசக்கைக் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றுள் பலவற்றில் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் தூளே. கர்ப்பிணிகள் மருத்துவரையோ தாதியையோ கேட்டே இதனை உண்ண வேண்டும். கைப்பிடி கைப்பிடியாக இடித்துப் போட்டால் நெஞ்செரிச்சலே மிஞ்சும்.

சமையலில் சேரும் இஞ்சிக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் 'வார்பரின்' போன்ற மாத்திரைகளை உண்போர், இஞ்சிச் சாற்றையோ சுக்குத் தூளையோ மருந்தாக மிகுதியாக உட்கொண்டால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். இதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கோ, தேநீரில் நாம் தாராளமாக ஊற்றும் டின்பாலே முதற்கேடு.