சுவரை அளந்த பிறகு கடைக்குப் போவோம்

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். இந்த ஆண்டு சுவருக்கு என்ன நிறம்? சாயம் எத்தனை டின் வாங்குவது? முதல் கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “எதற்கும் ஒன்று கூடுதலாக வாங்கிவிடலாம்.” அந்தக் கூடுதல் டின் பிறகு சேமிப்பறையின் மூலையில் பல ஆண்டுகள் கிடக்கும்.

பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மை படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பாடமாகவே வருகிறது. ஆனால் இதற்குத் தேவையான கணிதம் பல்கலைக்கழகக் கணிதம் அன்று. பரப்பளவு, விழுக்காடு, விகிதம் ஆகிய மூன்றும் உயர்நிலை இரண்டிலேயே நாம் கற்றவை.

இதில் மாணவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. குத்தகையாளர்கள் தரும் விலைப்புள்ளி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். “இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்” என்று பெற்றோரும் தாத்தா பாட்டியும் அதை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். அதைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதியைக் காப்பாற்றலாம்.

சுவர்க் கணக்கு

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். நான்கு சுவர்களின் சுற்றளவு 13.2 மீட்டர். அதை உயரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 34.3 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் 4 சதுர மீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது 30.3.

சாயத்தை ஒருமுறை மட்டும் பூசினால் போதாது. இரண்டு பூச்சு என்றால் 60.6 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்பது டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உட்புறச் சுவர்ச் சாயங்களுக்கு அது பெரும்பாலும் 10 முதல் 12 வரை இருக்கும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 6.1 லிட்டர் தேவை. உருளையிலும் தட்டிலும் ஒட்டி வீணாவதற்கு 10 விழுக்காடு சேர்த்தால் 6.7 லிட்டர். ஐந்து லிட்டர் டின் ஒன்றும் ஒரு லிட்டர் டின் இரண்டும் போதும். ஐந்து லிட்டர் டின் இரண்டு வாங்கியிருந்தால் மூன்று லிட்டருக்கு மேல் மீதம்.

டின்னில் உள்ள எண் வழவழப்பான சுவருக்கு உரியது. பூசப்படாத புதுச் சுவர் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு முதலில் அடிப்பூச்சு வேண்டும். அடர்நிறச் சுவரை வெளிர்நிறமாக்க மூன்றாவது பூச்சும் தேவைப்படலாம். கூரையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த அறையில் அது 10.8 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு இரண்டேகால் லிட்டர்.

பரப்பளவு மட்டும் போதாது

தரைக்கு டைல் பதிப்பதில்தான் கணக்கு உண்மையாகவே சுவையாகிறது. பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு டைலின் பரப்பு 0.36 சதுர மீட்டர். மேலே சொன்ன அறைக்குச் சரியாக 30 டைல் போதும். ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

அறை இரு பக்கமும் பத்து சென்டிமீட்டர் மட்டும் பெரிது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3.7 மீட்டருக்கு 3.1 மீட்டர். பரப்பளவு 11.47 சதுர மீட்டர். வகுத்தால் 32 டைல். வழக்கமான 10 விழுக்காட்டைச் சேர்த்தால் 36. இத்துடன் கணக்கு முடிந்தது என்று நினைப்போம்.

ஆனால் தொழிலாளி டைலை எப்படி அடுக்குகிறார்? ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் 30 முழு டைல் போக, இரண்டு ஓரங்களில் பத்து சென்டிமீட்டர் பட்டைகள் வரும். ஒரு டைலிலிருந்து ஐந்து பட்டை வெட்டலாம் என்பதால் மொத்தம் 33 போதும். ஆனால் அந்த ஒடுங்கிய பட்டை கண்ணுக்கு அழகாக இருக்காது. அதனால் பலர் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அப்போது நான்கு ஓரங்களிலும் 35 சென்டிமீட்டர் துண்டுகள் வரும். வெட்டிய பின் மிஞ்சும் 25 சென்டிமீட்டர் வேறு எந்த ஓரத்துக்கும் பொருந்தாது. ஆக, ஒவ்வோர் ஓரத் துண்டுக்கும் ஒரு முழு டைல் வேண்டும். ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு: மொத்தம் 42!

அதே அறைதான், அதே டைல்தான். ஆனால் 36 வாங்கியவருக்கு ஆறு குறையும். மறுபடி கடைக்குப் போனால் அதே தயாரிப்புத் தொகுதி கிடைக்காமல் போகலாம். தொகுதி மாறினால் நிறத்திலும் சிறு வேறுபாடு தெரியும். ஆகவே, வாங்குவதற்கு முன் கட்டம்போட்ட தாளில் அறையை வரைந்து, டைல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

மலிவான விலை எது?

முழு வீட்டுக்கும் சாயம் பூச இரண்டு குத்தகையாளர்கள் விலை தருகிறார்கள் என்று கற்பனை செய்வோம். முதலாமவர் ஒரே வரியில் 2,200 வெள்ளி என்கிறார். இரண்டாமவர் சுவர், கூரை, விரிசல் அடைத்தல், சாயத்தின் வகை, பூச்சுகளின் எண்ணிக்கை என்று பிரித்தெழுதி, வரியும் சேர்த்து 2,500 வெள்ளி என்கிறார். முதலாமவரே மலிவு என்று தோன்றும்.

கேட்டுப் பார்த்தால் முதலாமவரின் விலையில் கூரை இல்லை. அதற்கு 350 வெள்ளி. விரிசல் அடைக்க 200 வெள்ளி. இப்போது 2,750. அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்தால் 2,997 வெள்ளி 50 காசு. மலிவாகத் தெரிந்தது ஏறக்குறைய 500 வெள்ளி அதிகமாகிவிட்டது.

அந்த வரியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் மட்டுமே அதை வசூலிக்க முடியும். ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். சிறிய நிறுவனம் ஒன்று வரி கேட்டால், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

விலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை:

• எந்தெந்த இடங்கள், எத்தனை சதுர மீட்டர்
• பொருளின் பெயரும் வகையும்
• பொருள் விலை, கூலி ஆகியவை தனித்தனியாக
• பழைய பொருள்களை அகற்றும் செலவு
• வரி சேர்ந்ததா, இல்லையா
• எந்த வேலை முடிந்ததும் எவ்வளவு பணம்

அனுமதியும் ஆதாரமும்

வீவக வீட்டில் குளியலறை டைல்களை மாற்ற வேண்டுமென்றால் கழகத்தின் அனுமதி தேவை. அதன் பட்டியலில் உள்ள குத்தகையாளரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட புளோக்குகளில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் டைல்களைப் பெயர்க்கக் கூடாது. கீழ்வீட்டுக்கு நீர் கசியாமல் தடுக்கும் அடுக்கு சேதமடையும் என்பதே காரணம். இது தெரியாமல் செலவுத் திட்டம் போட்டால், அந்தத் திட்டமே வீண்.

பேசியது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தகராறு ஏற்பட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. அங்கே நம் பக்கம் பேசப்போவது கையொப்பமிட்ட அந்த விலைப்புள்ளிதான்.

எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, மொத்தத் தொகையில் 10 விழுக்காட்டைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பழைய டைலைப் பெயர்த்த பிறகுதான் அடியில் உள்ள தரையின் நிலை தெரியும். அந்தப் பணம் செலவாகாமல் மிஞ்சினால், தீபாவளிச் செலவுக்கு ஆயிற்று!