துப்பாக்கிக் குழலுக்கு இருபது அங்குலம்: ஊரில் பழைய துப்பாக்கி உள்ளவர்கள் அறிய வேண்டிய சட்டம்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆபீஸ், ஐ.என்.ஏ. மார்க்கெட், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம், கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் என்று காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்த நினைப்பே வருவதில்லை. ஆனால் ஊரில் தகப்பனார் காலமாகி, பாகப் பிரிவினை பேச உட்காரும்போது, நிலம், வீடு, பாத்திரம் பண்டங்களோடு பரண்மேல் கிடக்கும் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் கணக்கில் வந்து சேருவது உண்டு. காட்டுப்பன்றியை விரட்டத் தாத்தா வாங்கியதாக இருக்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பாங்கிலோ கிடங்கிலோ காவல் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலரும் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பார்கள்.

இத்தகைய துப்பாக்கி கைக்கு வந்ததும் இரண்டு யோசனைகள் எழுவது சகஜம். "இவ்வளவு நீளமாக இருக்கிறதே, குழலைக் கொஞ்சம் அறுத்துவிட்டால் பெட்டிக்குள் அடங்கும்" என்பது ஒன்று. "மரக் கட்டையை எடுத்துவிட்டு மடக்குக் கட்டை மாட்டினால் என்ன?" என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. முதல் யோசனை ஒருவரை ஆயுள் சிறை வரை கொண்டுபோய் விடக்கூடியது.

குழல் வேறு, கட்டை வேறு

ரவைத் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைபிளில் உள்ளது போன்ற சுருள் பள்ளங்கள் இதில் கிடையாது. "பன்னிரண்டு போர்" என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே குழலின் உள் விட்டம். அது ஏறக்குறைய பதினெட்டரை மில்லி மீட்டர்.

குழலுக்குப் பின்னால், தோளில் அணைத்துக்கொள்ளும் பகுதிதான் கட்டை. ஜீப்பிலும் விமானத்திலும் செல்லும் ராணுவத்தாருக்கு இடம் அடைக்காமலிருக்க மடக்குக் கட்டை வந்தது. ஆளின் கை நீளத்துக்குத் தக்கபடி நீட்டிக் குறைக்கும் கட்டையும் உண்டு. தட்டு சுடும் பந்தய வீரர்கள், கன்னம் சரியாகப் பதியும்படி மேல்பகுதியை உயர்த்தித் தாழ்த்தும் கட்டையைப் பயன்படுத்துகிறார்கள். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்த ஆட்டத்தில் 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்து கொண்டவர். தலைநகரில் இந்த விளையாட்டுக்கு உரிய இடம் துக்ளகாபாதில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் சுடுதளம். 1982-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்காக அது அமைக்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம்

ஜான்சி ராணி லக்ஷ்மிபாய் போரில் மாண்டது 1858-ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1878-ல், லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்கும் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை நீக்கிவிட்டுப் பாராளுமன்றம் இயற்றியதே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. விதிகள் 2016-ல் புதிதாக எழுதப்பட்டன. சட்டமும் 2019 டிசம்பரில் கடுமையாகத் திருத்தப்பட்டது.

இந்தச் சட்டம் பார்ப்பது துப்பாக்கியின் மொத்த நீளத்தை அல்ல, குழலின் நீளத்தையே. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் வழவழப்புக் குழல் துப்பாக்கி கேட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமலிருக்கும் பட்சத்தில், லைசென்ஸ் வழங்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. பயிர்ப் பாதுகாப்புக்காக முன்புறம் மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கும் இதே சலுகை உண்டு. மனுதாரர் தகுதியற்றவராகவோ, பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்றோ தோன்றினால் மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே கட்டை மடங்கியிருந்தாலும் நீண்டிருந்தாலும் அந்த இருபது அங்குலக் கணக்கு மாறாது. ஆனால் குழலில் கை வைத்தால் கதை வேறு. தனி லைசென்ஸ் இல்லாமல் எவரும் குழலைக் குறுக்கக் கூடாது என்பது 6-வது பிரிவு. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் 2019 திருத்தத்தின்படி அதே பிரிவில் சேர்ந்துவிட்டது. தண்டனை முன்பு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை இருந்தது. இப்போது குறைந்தபட்சமே ஏழு ஆண்டுகள். அதிகபட்சம் ஆயுள் சிறை.

கட்டையை மாற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் 5-வது பிரிவின்படி லைசென்ஸ் பெற்ற தொழிலாளி வேண்டும். ஊர்க் கொல்லரோ தச்சரோ தெரிந்தவர் என்பதற்காக அவரிடம் வேலையைக் கொடுத்தால், அவரும் அதே ஏழு ஆண்டு தண்டனைக்கு ஆளாக நேரிடும்.

பிற நாடுகளில் அளக்கும் விதம்

குழலைக் குறுக்குவதை அரசுகள் இவ்வளவு கடுமையாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தோளில் சுமக்கும் ஆயுதம் கோட்டுக்குள் ஒளிக்கும் ஆயுதமாகி விடுகிறது. அமெரிக்காவில் கொள்ளைக் கூட்டங்கள் தலைவிரித்தாடிய காலத்தில், 1934-ல் வந்த சட்டம், குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவும் 200 டாலர் வரியும் கட்டாயம் என்றது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற கணக்கு பின்னாளில் சேர்ந்தது. ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்ஸாஸுக்குக் குறுங்குழல் துப்பாக்கி கொண்டு சென்றதாக ஜாக் மில்லர் என்பவர் மீது வழக்கு நடந்தது. 1939-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க மில்லர் உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய மாதமே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

மொத்த நீளம் என்றதும் கேள்வி பிறக்கிறது: மடக்குக் கட்டையை எப்படி அளப்பது? அமெரிக்க அதிகாரிகள் கட்டையை முழுவதும் நீட்டி அளக்கிறார்கள். பிரிட்டனில் குழல் 24 அங்குலம் இருக்க வேண்டும். 1988 சட்டத்தின்படி, பம்ப் வகைக்கும் தானாகத் தோட்டா ஏறும் வகைக்கும் மொத்த நீளமும் 40 அங்குலம் வேண்டும். அங்கே மடங்கும் கட்டை, கழலும் கட்டை எதையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கனடாவில் மடக்கிய நிலையிலேயே சுட முடிந்து, அப்போது 660 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆயுதம்.

குழல் பதினெட்டரை அங்குலம், கட்டையை நீட்டினால் 35, மடக்கினால் 25 அங்குலம், மடக்கியும் சுடலாம் என்றிருக்கும் ஒரு பம்ப் துப்பாக்கியை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நீள விதியில் அது தேறிவிடும். கனடாவில் கட்டுப்பாட்டுக்குள் வரும். பிரிட்டனில் தடை. இந்தியாவில் கட்டையைப் பார்க்கும் முன்பே, குழல் இருபது அங்குலம் இல்லை என்பதால் 13-வது பிரிவின் சலுகை அதற்குக் கிடைக்காது. பொருள் ஒன்று, அளவுகோல் நான்கு.

வாரிசுக்கு வந்தால்

லைசென்ஸ் பெற்றவர் இறந்ததும் அந்த லைசென்ஸ் மகனுக்குத் தானாக வந்துவிடாது. துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21-வது பிரிவு. பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசைக் குறிப்பிட்டு மாற்றித் தர 2016 விதிகள் இடமளிக்கின்றன. பரம்பரைச் சொத்தே ஆனாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது.

சொந்த மாவட்டத்துக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு டில்லிக்குத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாது. எந்த எல்லை வரை செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். எல்லை அனுமதித்து, குடி மாறி ஆயுதத்தோடு 30 நாட்களுக்கு மேல் தங்கினால், பழைய இடத்து அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

சர்க்கார் ஊழியர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்ற ஊழியரை, அந்த நடத்தையின் பேரில், இலாகா விசாரணை இல்லாமலே நீக்குவதற்கு அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு வழி விட்டிருக்கிறது. முப்பது வருட உத்தியோகமும் பென்ஷனும் ஓர் அரம் போட்ட வேலையால் கேள்விக்குறியாகி விடலாம்.

துப்பாக்கி வேண்டாம் என்று நினைப்பவர்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டு வைப்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். வேண்டும் என்பவர்கள் குழலைத் தொடாமல், கலெக்டர் அலுவலகத்துக்கோ போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கோ மனுவோடு போக வேண்டும். இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்கள், பரணில் இருப்பது யார் பெயரில் இருக்கிறது, லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.