விளையாட்டு அறிவியல்: படிப்பும் பிழைப்பும்

உடல் உழைக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்து, அந்த அளவைக் கொண்டு பயிற்சியைத் திருத்தும் துறை விளையாட்டு அறிவியல். உடலியங்கியல், இயற்பியல், உளவியல், ஊட்டச்சத்து, புள்ளியியல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. நன்றாக விளையாடுபவர்களுக்கான படிப்பு இது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் விளையாட்டுத் திறமை இங்கே கூடுதல் தகுதிதான். உயிரியலும் கணக்கும் வராமல் முதலாண்டைத் தாண்டுவது கடினம்.

துறையின் வேர் உடலியங்கியலில் இருக்கிறது. தசை வெப்பத்தை உண்டாக்கும் விதத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரிட்டன் அறிஞர் ஏ.வி.ஹில், அந்தக் காலத்திலேயே முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடிப் பார்த்தார். வெளிவிட்ட மூச்சைப் பையில் பிடித்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று கணக்கிட்டார். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் ஏறி, ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. அந்த உச்சவரம்பைத்தான் இன்று பயிற்சியாளர்கள் ‘விஓ2 மேக்ஸ்’ என்கிறார்கள். 1927-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் களைப்பை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்தது. பட்டப்படிப்பு வர வெகுகாலம் ஆயிற்று. பிரிட்டனில் லிவர்பூல் பாலிடெக்னிக் அப்படிப்பை 1975-இல்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவோ 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியது. 1981-இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தைத் திறந்து, பயிற்சியாளர்களுக்குப் பக்கத்திலேயே விஞ்ஞானிகளையும் உட்காரவைத்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அந்நாடு 16 தங்கம் வென்றது. அறிவியல் ஆர்வத்தைவிடப் பதக்கப் பட்டியலில் பட்ட அவமானமே இந்தத் துறைக்குப் பணத்தைக் கொண்டுவந்தது.

ஹில் தொடங்கிவைத்த சோதனையை இன்றும் இத்துறையைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் செய்து பழகுகிறார்கள். ட்ரெட்மில்லில் ஓடுபவரின் மூக்கையும் வாயையும் முகமூடி மூடியிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வாயு அளக்கும் கருவிக்குப் போகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தையோ ஏற்றத்தையோ கூட்டுவார்கள். இடையிடையே காது மடலிலோ விரல் நுனியிலோ ஊசியால் குத்தி, தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் ஒரு துளி இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஓடுபவரால் பேச முடியாது. ஆகவே 6 முதல் 20 வரை எண்கள் எழுதிய அட்டையை நீட்டி, எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை விரலால் காட்டச் சொல்வார்கள். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் இது. காட்டிய எண்ணைப் பத்தால் பெருக்கினால், இளைஞர்களைப் பொறுத்தவரை நாடித்துடிப்புக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

பயிற்சி இல்லாத இளைஞருக்கு இந்தச் சோதனையில் வரும் உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 40 மில்லிலிட்டர் ஆக்சிஜன். உலகத் தரமான நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு இது 70 முதல் 85 வரை போகும். எண்ணைப் படித்துச் சொல்லக் கருவியே போதும். பட்டதாரியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே உச்சவரம்பு கொண்ட இருவரில் ஒருவர் மாரத்தானில் பல நிமிடங்கள் முந்துவார். எந்த வேகத்தில் இரத்தத்தில் லாக்டேட் தேங்கத் தொடங்குகிறது, ஒரே வேகத்துக்கு யார் குறைந்த ஆக்சிஜன் செலவழிக்கிறார் என்பவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பார்த்து, அடுத்த எட்டு வாரப் பயிற்சியில் நீண்ட மெதுவான ஓட்டம் கூட வேண்டுமா, விட்டுவிட்டு ஓடும் வேக ஓட்டம் கூட வேண்டுமா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பயோமெக்கானிக்ஸ் எனப்படும் உயிரி இயக்கவியலுக்கு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கையைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட்டில், அவர் பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் டேரல் ஹேர் நோபால் கொடுத்தார். பெர்த்திலும் ஹாங்காங்கிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வகங்கள் அவரைச் சோதித்தன. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை அவருடையது என்பதும், பார்ப்பவர் கண்ணுக்கு அது எறிவதுபோல் தோன்றுகிறது என்பதும் தெரியவந்தன. மடங்கிய கை மடங்கியபடியே இருந்தால் குற்றமில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்பதே கேள்வி. 2004-இல் அவருடைய, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் ‘தூஸ்ரா’ பந்து பெர்த்தில் அளக்கப்பட்டபோது 14 டிகிரி வந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பின் சுமார் 10-க்கு இறங்கியது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரிதான் அனுமதி. ஆனால் மற்றவர்களையும் அதே முறையில் அளந்தபோது, ‘சுத்தமான’ வீச்சு என்று பெயர் வாங்கியவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. 2005-இல் எல்லா வீச்சாளர்களுக்கும் பொதுவாக 15 டிகிரி என்று விதி மாறியது.

இத்தகைய சோதனையைச் செய்ய சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சென்னை போரூரில், ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தில் உண்டு. வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள அதிவேக கேமராக்கள் அவற்றைப் பின்தொடர, கணினி கையின் அசைவை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்கும். உருண்டை ஒட்டியிருப்பது எலும்பில் அல்ல, தோலில். தோல் இழுபட்டால் உருண்டையும் நகரும், அளவும் பிசகும். எங்கே ஒட்டுவது என்பதில் கவனம் தப்பினால் ஒருவருடைய பிழைப்பே போய்விடலாம் என்பதால், மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. இளம் வீச்சாளர்களின் கீழ் முதுகெலும்பில் விரிசல் விழுவது ஏன் என்பதற்கான விடையில் பாதி அந்த அளவில் இருக்கிறது.

மாணவர்கள் அஞ்சும் பாடம் புள்ளியியல். ஒரு வீராங்கனை சென்ற வாரத்தைவிட 2 சென்டிமீட்டர் குறைவாகத் தாவுகிறார் என்றால், அது களைப்பா, கருவியின் வழக்கமான ஏற்ற இறக்கமா? இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் கையில் விலை உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. உடற்பயிற்சி உடலியங்கியல், உயிரி இயக்கவியல், விளையாட்டு உளவியல் ஆகியவற்றை அங்கே படிக்கலாம். போரூரிலும் பட்டப்படிப்பு உண்டு. தேசிய அளவில் பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம், குவாலியரின் லட்சுமிபாய் நிறுவனம், 2018-இல் சட்டம் இயற்றி மணிப்பூரில் அமைத்த தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. இலங்கையில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இத்துறையைக் கற்பிக்கிறது.

சேரும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலரும் குழம்புவது இங்கேதான். விளையாட்டு மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஆக பி.பி.டி. என்ற தனிப் பட்டம் இருக்கிறது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட். போன்ற பட்டம் கேட்பார்கள். விளையாட்டு அறிவியல் பி.எஸ்சி. இந்த மூன்றுக்கும் மாற்றாகாது. அந்த ஒரு பட்டத்தோடு நிற்பவருக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநர் வேலை எளிதில் கிடைக்கும்; அதற்கு மேலே போக முதுகலையும் ஏதேனும் ஒரு பிரிவில் தனித்திறனும் வேண்டும்.

அதிகம் பேர் குறிவைப்பது உடல்திறன் பயிற்சியாளர் பணி. 2011 கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணிக்கு ராம்ஜி சீனிவாசனும், பின்னர் விராட் கோலி காலத்து அணிக்குப் பாசு சங்கரும் இப்பணியைச் செய்தார்கள், இருவரும் சென்னைக்காரர்கள். அமெரிக்காவின் உடல்திறன் பயிற்சிச் சங்கமான என்.எஸ்.சி.ஏ. நடத்தும் சி.எஸ்.சி.எஸ். தேர்வுச் சான்றிதழுக்கு இங்கும் மதிப்பு உண்டு. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய, விட்டுவிட்டு ஓடும் திறனை அளக்கும் யோ-யோ சோதனையை நடத்துவது, யாருக்கு எப்போது ஓய்வு என்று சொல்வது, காயத்திலிருந்து மீள்பவரைப் படிப்படியாக ஆட்டத்துக்குக் கொண்டுவருவது ஆகியவை அன்றாட வேலை. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் இவருக்கும் இடம் போகலாம்.

அடுத்தது ஆட்டப் பகுப்பாய்வாளர். வீரர்கள் தோள்பட்டைகளுக்கு நடுவே ஜி.பி.எஸ். கருவியைச் செருகிய உள்சட்டை அணிந்து ஆடுகிறார்கள். யார் எவ்வளவு தூரம், எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினார் என்ற தரவு மாலைக்குள் பயிற்சியாளரிடம் ஒரு பக்கத் தாளில் போய்ச் சேர வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே கிராக்கி.

உளவியல் பக்கம் போனவர்களில் பலரும் அறிந்தவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 1994-இல் அந்நாட்டு கிரிக்கெட் அணியின் உடற்பயிற்சியாளராகத் தொடங்கியவர், 2011-இல் இந்திய அணியின் மனத்திடப் பயிற்சியாளராக இருந்தார். 2024-இல் சென்னையின் டி.குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோது அவருக்கும் பயிற்சி அளித்தார்.

ஊக்கமருந்துத் தடுப்பிலும் இடமுண்டு. 2005-இல் அமைந்த தேசிய முகமைக்காக வீரர்களிடம் மாதிரி சேகரிக்கும் அலுவலர்கள் தேவைப்படுகிறார்கள். ஆய்வகப் பரிசோதனை மட்டும் வேதியியல் படித்தவர்களின் களம். பதக்கத்தோடு தொடர்பே இல்லாத வேலைகளும் பெருகிவருகின்றன: மாரடைப்புக்குப் பின் உடற்பயிற்சி வகுத்துத் தரும் இதய மறுவாழ்வுப் பிரிவுகள், நீரிழிவு மையங்கள், முதியவர்களின் தசை இழப்பைத் தடுக்கும் பயிற்சிகள். ஓர் அணிக்கு ஓரிரு பணியிடங்களுக்கு மேல் இருப்பதில்லை. மருத்துவமனைகளுக்கு அந்த வரம்பு இல்லை.