ராக்கெட்டுக்கு ஸ்டியரிங் எங்கே?

பஸ்ஸைத் திருப்ப முன்சக்கரத்தைத் திருப்புகிறோம். தரையை விட்டுக் கிளம்பிய ராக்கெட்டை எப்படித் திருப்புவது? அடியிலிருக்கும் எஞ்சினையே சற்றுச் சாய்ப்பார்கள். இதற்குக் ‘கிம்பலிங்’ என்று பெயர்.

பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்திலுள்ள விகாஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நமது மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் எஞ்சின்தான். உந்துவிசை சுமார் 800 கிலோநியூட்டன். சாய்வது 4 டிகிரி வரை. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். சைன் 4 டிகிரி 0.07. எனவே பக்கவாட்டு விசை 56 கிலோநியூட்டன்! நேர்விசையில் குறைவதோ கால் சதவீதம்தான். இந்த விசை அடிப்பக்கத்தைத் தள்ளுவதால் ராக்கெட் தன் நிறை மையத்தைச் சுற்றித் திரும்புகிறது. தன் அச்சிலேயே உருளுவதை மட்டும் ஒற்றை எஞ்சினால் தடுக்க முடியாது. அதற்குச் சிறு உந்திகள் தனியே உண்டு.

இதைச் செய்து பார்க்க ‘சி’ மொழியில் ஒரு சின்ன சிமுலேட்டர் எழுதினேன். 0.02 விநாடிக்கு ஒரு முறை கணக்கு. பக்கவாட்டு விசையை நிறை மையம் வரையுள்ள தூரத்தால் பெருக்கினால் திருப்புவிசை. அதை நிலைமத் திருப்புத்திறனால் வகுத்தால் கோண முடுக்கம். அதிலிருந்து வேகம், பிறகு சாய்வு. எஞ்சின் திரும்பப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தேன்.

சாய்வுக்கு ஏற்ப எஞ்சினை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன். ராக்கெட் நிமிர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. மறுபக்கம் சாய்ந்தது. ஆட்டம் கூடிக்கூடிக் கடைசியில் குப்புற விழுந்தது. மூன்று வாரம் இதே கதை. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ‘நமக்கெல்லாம் இது வராதோ’ என்று மனம் விட்டுப்போனது.

அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தார். “எப்படிப்பா கோணாம போகுது?” என்று கேட்டேன்.

“நேரா வந்தப்புறம் ஒடிச்சா லேட்டுடா. அது எவ்வளவு வேகமா திரும்புதுன்னு பாரு. நேராகுறதுக்கு முன்னாடியே மாத்தி ஒடிச்சிடணும்.”

எனக்குச் சுரீரென்றது. நான் சாய்வை மட்டுமே பார்த்தேன்; சாயும் வேகத்தைப் பார்க்கவில்லை! மறுநாள் லேபில் சூத்திரத்தை மாற்றினேன்:

எஞ்சின் கோணம் = −(அ × சாய்வு + ஆ × சாயும் வேகம்)

அ, ஆ இரண்டும் நாம் தேர்ந்தெடுக்கும் எண்கள். அளவு மீறினால் மறுபடியும் நடுங்கும். நாலைந்து முறை மாற்றிப் பார்த்ததும், ராக்கெட் இரண்டே ஆட்டத்தில் நிமிர்ந்து நின்றது.

கணக்கு வகுப்பில் ‘டெரிவேட்டிவ் எதுக்குடா?’ என்று இனி யாராவது கேட்டால், எங்கப்பாவோடு டிராக்டரில் ஒரு தடவை ஏற்றிவிடுகிறேன்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு