உறைந்த திரையும் மாய முனையங்களும்

கணினியின் முன்னமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நேரக்கூடிய இடர்களுள் மிக எரிச்சலூட்டுவது திரை உறைந்து போதலாகும். சுட்டியை அசைத்தாலும் அம்புக்குறி அசையாது. எவ்விசையை அழுத்தினாலும் எழுத்துத் தோன்றாது. அந்நிலையிற் பெரும்பாலார் செய்வது யாதெனின், மின்னை நிறுத்திப் பின்னர் மீண்டும் இயக்குதலேயாம். இதனாற் சேமிக்கப்படாத எழுத்தெல்லாம் அழிந்துபோவதோடு, அவ்வேளை தட்டிலே பதியப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகள் பழுதடைதலுங் கூடும். திரை உறைந்தமை ஒன்றையே கொண்டு கணினி இறந்துபட்டதென முடிவு கட்டுதல் எப்பொழுதும் பொருந்தாது. யுனிக்ஸ் குடும்பத்தைச் சார்ந்த பணிசெயல் முறைமைகளிலே, சிறப்பாக லினக்ஸிலே, நாம் காணும் திரைக்குப் பின்னால் வேறு பல திரைகளும் உள. அவற்றுக்குச் செல்லும் வழியையும், அவ்வழி அமைந்த காரணத்தையும், அதனை அறியாது விடுவதால் விளையக்கூடிய தீங்கினையும் ஈண்டு விளக்குவாம்.

யுனிக்ஸ் 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்துக் கணினி பெருவிலை பெற்றது, ஆளுக்கொன்றாக வழங்கத்தக்கதன்று. ஆதலின் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்துமாறு அம்முறைமை வகுக்கப்பட்டது. அவ்வாறு பயன்படுத்துவோர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு தொலைதட்டச்சுப்பொறி இருந்தது. தந்திப் போக்குவரத்துக்கென ஆக்கப்பட்ட பொறியே அது. தட்டிய எழுத்துக் கம்பிவழியாகக் கணினிக்குச் செல்லும். கணினியின் விடை தாளிலே அச்சாகி வெளிவரும். கணினியோடு மனிதன் தொடர்புகொள்ளும் இம்முனைக்கு முனையம் என்று பெயர். தொலைதட்டச்சுப்பொறி இன்று பொருட்காட்சிச்சாலைக்குரியதாகிவிட்டது. எனினும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாகிய ரி.ரி.வை. என்னும் மூன்றெழுத்து, லினக்ஸ் முனையங்கள் ஒவ்வொன்றின் பெயரிலும் இன்றுவரை நிலைத்து நிற்கின்றது. பொருள் மறைந்த பின்னரும் சொல் வாழ்தல் மொழிநூல் பயின்றோர்க்குப் புதிதன்று.

இவ்வமைப்பிலே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒருவருடைய பொறியிலே தாள் சிக்கிக்கொண்டால் அவர் வேலை நிற்குமேயன்றி, அடுத்தவர் வேலை நிற்பதில்லை. முனையம் வேறு, கணினி வேறு.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினுஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆக்கத் தொடங்கியபோது நிலைமை மாறியிருந்தது. வீட்டுக் கணினிக்குத் திரையும் ஒன்றே, விசைப்பலகையும் ஒன்றே. பல முனையங்களை இணைத்தற்கு இடமில்லை. ஆயினும் பழைய அமைப்பைக் கைவிடாது, அம்முனையங்களைக் கணினியின் நினைவகத்துள்ளேயே பல ஏடுகளாக வைத்துக்கொள்ளும் முறை லினக்ஸிலும் இடம்பெற்றது. ஏடுகள் பலவாயினும் ஒரு வேளையில் ஒன்றே கண்ணுக்குத் தோன்றும். விசைப்பலகையும் அவ்வேளை அதற்கே உரியது. ஏனையவை மறைவிலிருந்தபடியே தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பௌதிகவியலிலே ஆடிக்குப் பின்னால் இருப்பதுபோலத் தோன்றுவதை மாய விம்பம் என்கின்றோம். அதனை ஒப்ப இவற்றை மாய முனையங்கள் எனலாம். லினக்ஸின் கரு இத்தகைய முனையங்கள் அறுபத்து மூன்றுக்கு இடந்தரும். வழக்கிலே ஆறு ஏழுக்கு மேல் எவரும் தேடுவதில்லை.

இனி, படங்களும் சாளரங்களும் நிறைந்த வரைகலைத் திரை எங்கே நிற்கின்றது என்பதைப் பார்ப்போம். யுனிக்ஸ் உலகிலே நெடுங்காலம் ஆட்சிசெய்த எக்ஸ் என்னும் சாளர முறைமை 1984 இல் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றியது. அதன் பதினோராம் பதிப்பு 1987 இல் வெளிவந்தது. அதன் இடத்தைப் பிடித்துவரும் வேலண்ட் 2008 இல் தொடங்கியது. இவ்விரண்டும் முறைமையின் கருவினுள் அமைந்தவை அல்ல. கருவுக்கு வெளியே இயங்கும் செய்நிரல்களே அவை; மாய முனையங்களுள் ஒன்றிலே குடியிருப்பவை. குடியிருப்பவர் மயங்கி விழுந்தார் என்பதற்காக வீடு இடிந்துவிட்டதென்று எவரும் சொல்லார். ஏனைய அறைகளுக்குச் செல்லக் கதவும் உண்டு.

அக்கதவைத் திறக்கும் முறை எளிது. கொன்ட்ரோல், அல்ட் என்னும் இரு விசைகளையும் ஒருங்கே அழுத்திக்கொண்டு, மேல்வரிசையிலுள்ள எஃப் 3 என்னும் விசையை அழுத்துதல் வேண்டும். வரைகலைத் திரை மறையும். கரிய பின்னணியிலே கணினியின் பெயரும், பயனர் பெயரைக் கேட்கும் வரியும் தோன்றும். இதுவே மூன்றாம் முனையம். மடிக்கணினிகள் சிலவற்றில் எஃப்.என். என்னும் விசையையும் சேர்த்தழுத்த வேண்டியிருக்கும். எழுத்து முனையத்துக்கு வந்தபின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அல்ட்டும் எண்விசையும் போதும். வரைகலைத் திரையிலே அல்ட்டோடு சேர்ந்த விசைகளைச் சாளரங்கள் தம் தேவைக்கு எடுத்துக்கொள்வதனாலேயே அங்கே கொன்ட்ரோலும் வேண்டியதாயிற்று.

திரும்பி வருதற்குரிய எண் எது என்பதிலேதான் பலர் இடர்ப்படுகின்றனர். முன்னாளில் ஒன்று முதல் ஆறு வரை எழுத்து முனையங்களும், ஏழாவதிலே வரைகலையும் இருந்தன. பழைய நூல்கள் யாவும் இவ்வாறே கூறும். ஆனால், 2017 இல் வந்த உபுண்டு 17.10 முதலாக, அதன் வழக்கமான அமைப்பிலே முதலாவதில் உட்புகும் திரையும் இரண்டாவதிற் பயனரின் வரைகலை அமர்வும் நிற்கின்றன. ஏழாவதைத் தேடிச் சென்று வெறுங் கருந்திரையைக் கண்டு கலங்குவோர் முதலாவதையும் இரண்டாவதையும் முயன்று பார்த்தல் தகும். யுனிக்ஸ் குடும்பத்தின் மற்றோர் உறுப்பாகிய ஃப்ரீபீஎஸ்டியிலோ எழுத்து முனையங்கள் எட்டு. எக்ஸ் ஒன்பதாவதில் அமரும்.

ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் வெளிக்கு ஒரு விசையழுத்தமாகத் தோன்றினும், உள்ளே ஓர் உடன்படிக்கையே நிகழ்கின்றது. வரைகலைச் செய்நிரல் திரையைத் தன் பொறுப்பில் எடுக்கும்போது, "என்னைக் கேளாமல் மாற்றவேண்டா" என்று கருவிடம் சொல்லிவைக்கின்றது. மாற்றம் வேண்டப்பட்டதும் கரு அதற்கு ஒரு சைகை அனுப்பும். அது வரைதலை நிறுத்தி, "விட்டேன்" என்று விடைகூறிய பின்னரே திரை கைமாறும். மேலும், விசைப்பலகையின் அழுத்தங்களையும் வரைகலைச் செய்நிரலே நேரே பெற்றுக்கொள்வதால், நாம் அழுத்திய மூன்று விசைகளின் கருத்தை உணர்ந்து கருவுக்கு அறிவிப்பதும் அதன் கடமையேயாம். கதவின் திறவுகோல் குடியிருப்பவர் கையிலேயே உளது. முன்னர்த் திரையின் அளவும் நிறமும் அமைக்கும் வேலையையும் எக்ஸே செய்துவந்தது. ஆகவே மாறுந்தோறும் திரை கறுத்து மின்னும், சிலபொழுது திரும்பாமலே நின்றுவிடுதலும் உண்டு. 2009 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 ஆம் பதிப்பிலே அவ்வேலை இன்டெல் வரைகலைப் பொறிகளுக்குக் கருவிடமே ஒப்படைக்கப்பட்டது. பிற பொறிகளும் காலப்போக்கில் அவ்வழியைப் பின்பற்றின. அதன்பின் மாற்றம் கண்ணிமைப் பொழுதிலே நிகழ்கின்றது.

இவ்வுண்மையை அறிந்தால், உறைந்த திரைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பது விளங்கும். உலாவி போன்ற ஒரு செயலி மட்டும் நினைவகத்தையெல்லாம் விழுங்கிச் சிக்கிக்கொள்ளுதலே பெரும்பாலும் காணப்படும் நிலை. அப்போது மூன்றாம் முனையத்துக்குச் சென்று, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டி உட்புகுக. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றுந் தோன்றாது, அது பழுதன்று. பின்னர் 'டாப்' என்னுங் கட்டளை, இயங்கும் செயன்முறைகளை அவற்றின் எண்ணோடு நிரைப்படுத்திக் காட்டும். பெரிய எம் என்னும் எழுத்தைத் தட்டினால் நினைவகத்தை மிகுதியாகக் கொண்டது தலைப்பில் வரும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, கியூ என்னும் எழுத்தால் வெளியேறி, 'கில்' என்னுங் கட்டளையோடு அவ்வெண்ணைக் கொடுத்தல் வேண்டும். பெயர் கொடியதாயினும் இக்கட்டளை முதலில் அனுப்புவது 15 ஆம் சைகையாகும். அது, கோப்புகளை ஒழுங்குசெய்து விலகுமாறு கேட்கும் வேண்டுகோளே. சில வினாடி பொறுத்தும் பயனில்லையெனின் 9 ஆம் சைகையை விதந்து அனுப்பலாம். அது செயன்முறைக்கு அறிவிக்கப்படாமலே கருவினால் நிறைவேற்றப்படும் முடிவு. எடுத்தவுடனே ஒன்பதை ஏவும் பழக்கம் மாணவரிடையே மிகுந்திருத்தல் வருந்தத்தக்கது.

நினைவகம் முற்றும் நிரம்பிய நிலையில் முனையம் மிக மெல்ல அசையும். உட்புகுதலுக்கு வழக்கமாக அளிக்கப்படும் 60 வினாடியும் கடந்து, மீண்டும் பெயர் கேட்கப்படலாம். பொறுமையுடன் திரும்ப முயலுதல் வேண்டும். திரையைத் தாண்டி மேலே போய்விட்ட வரிகளைப் பின்னோக்கிக் காணும் வசதி முன்பு இருந்தது. 2020 இல் வந்த லினக்ஸ் 5.9 ஆம் பதிப்பிலே அது கருவிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வசதியைப் பழகியோர்க்கு இஃது ஓர் இழப்பே.

வரைகலைச் செய்நிரல்தானே மயங்கினால் நிலைமை வேறு. திறவுகோல் அதன் கையிலிருப்பதால் நம் மூவிசை அழுத்தம் பயன்படாது. கரு அப்போதும் உயிரோடிருக்கலாம். வலையமைப்பின் வழியே வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். மூலம் உட்புகுதல் ஒரு வழி. மற்றொன்று, அல்ட்டையும் சிஸ்ஆர்க்யூ என்னும் விசையையும் அழுத்தி ஆர் என்னும் எழுத்தைத் தட்டுதல். இது விசைப்பலகையைப் பறித்துக் கருவிடம் மீட்கும். அதன் பின்னும் குடியிருப்பவர் "விட்டேன்" என்று கூறாவிடின், அவ்வாறே கே என்னும் எழுத்தைத் தட்ட, அம்முனையத்திலுள்ள செய்நிரல்கள் யாவும் முடிக்கப்படும். காப்புக் கருதி இவ்விசைகளைச் சில வெளியீடுகள் முடக்கி வைத்துள்ளன. ஆதலின் அவசரம் நேருமுன்னரே தம் கணினியில் அவை இயலுமா என்று அறிந்துவைத்தல் நன்று.

கதவு பலவாயின் காவலும் பலவாதல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் மூன்றாம் முனையத்தில் உட்புகுந்து வேலைமுடித்து, வெளியேறாமலே வரைகலைக்குத் திரும்புகின்றார். பின்னர்த் திரையைப் பூட்டிவிட்டு வகுப்புக்குச் செல்கின்றார். பூட்டப்பட்டது வரைகலை அமர்வு மாத்திரமே. வருபவர் எவரும் மூவிசையை அழுத்தி, திறந்து கிடக்கும் மூன்றாம் முனையத்திலே அவர் பெயரால் எதனையுஞ் செய்யலாம். புள்ளிப் பட்டியலும் பரீட்சை வினாத்தாளும் அதற்கு விலக்கல்ல. 'எக்ஸிட்' என்று தட்டி வெளியேறிய பின்னரே அங்கிருந்து நீங்குதல் வேண்டும். எழுத்து முனையத்திலிருந்து 'ஸ்டார்ட்எக்ஸ்' என்னுங் கட்டளையால் வரைகலையைத் தொடங்குவோர்க்கு மற்றோர் இடருமுண்டு. தொடங்கிய முனையம் பின்னால் திறந்தே இருக்கும். அங்கே சென்று கொன்ட்ரோலும் சியும் அழுத்தினாற் பூட்டிய திரை முழுதும் கலைந்து, கட்டளை வரி வெளிப்படும். கட்டளைக்கு முன்னால் 'எக்ஸெக்' என்னுஞ் சொல்லைச் சேர்த்தால், வரைகலை முடிந்ததும் அமர்வும் முடிந்துபோகும்.

தமிழ் எழுதுவோர்க்கு உரியதொன்று எஞ்சியுள்ளது. லினக்ஸின் கருவுக்குள் அமைந்த எழுத்து முனையம் 256 அல்லது மிஞ்சினால் 512 எழுத்து வடிவங்களையே கொள்ளும். கட்டத்துக்கு ஒன்றாக அவற்றை வரிசையில் இடும். 'கொ' என்னும் எழுத்தோ ககர மெய்க்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வேண்டுவது. ஒருங்குறியிலே ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுவதை முன்பின்னாக அமைத்துக் காட்டும் திறன் வரைகலைச் செயலிகளுக்கே உண்டு. ஆகவே தமிழிற் பெயரிட்ட கோப்புகள் எழுத்து முனையத்திற் கட்டங்களாகவோ வேறு குறிகளாகவோ தோன்றும். கோப்புக்கு யாதொரு பழுதும் இல்லை. வரைகலைக்குத் திரும்பினால் பெயர் முன்போலவே தெரியும். பெயரைத் தட்டாமலே கோப்பைப் பிரதிசெய்ய வேண்டின், பெயருக்குப் பதிலாக உடுக்குறியையும் கோப்பின் ஈற்றுக் குறியையும் கொடுத்தல் போதும். கடவுச்சொல்லைத் தமிழில் வைத்திருப்பவரோ, தமிழ் விசையமைப்பு இல்லாத அம்முனையத்தில் உட்புகவே இயலாது நிற்பர். அதனை முன்னரே உரோம எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். திரை உறைந்த பின்னர் அதற்கு வழி கிடையாது.