கடிதமாக வந்த புழு

வைப்பின் கரையில் சீன வலைகள் நீருக்குள் இறக்கப்பட்டிருக்கும். அவை மீனைத் துரத்திச் செல்வதில்லை. மீன் தானாகவே வலையின்மேல் வந்து சேரும்வரை காத்திருக்கும். மின்னஞ்சல் இணைப்பாக வரும் கணினிப் புழுவின் இயல்பும் அத்தகையதே. பெறுபவர் தம் கையால் திறக்கும்வரை அது செயலற்றுக் கிடக்கும்.

கணினிக்குக் கேடு செய்யும் நிரல்கள் பலவகைப்படும். நச்சுநிரல் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவும். புழுவோ தனித்து இயங்கும் நிரலாகும். அது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, வலையமைப்பின் வழியே பிற கணினிகளைச் சென்றடையும்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. அதன் தலைப்பு 'ஐ லவ் யூ' என்பதாகும். இணைப்பிலுள்ள கடிதத்தைப் பார்க்குமாறு அதில் ஒரு வரி இருந்தது. அந்த இணைப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என முடிந்தது. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை விண்டோஸ் பொதுவாக மறைத்துவிடும். ஆகவே '.டிஎக்ஸ்டி' மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. பலரும் அதனை வெறும் எழுத்துக் கோப்பு என நம்பினர். உண்மையில் மறைந்திருந்த '.விபிஎஸ்' என்பதே அது ஒரு நிரல் என்பதைக் காட்டும் அடையாளம்.

திறந்தவுடன் அந்நிரல் கணினியிலிருந்த படக் கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன்னை எழுதியது. மேலும், அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. எனவே அடுத்தவருக்கு அக்கடிதம் நண்பரிடமிருந்தோ மேலதிகாரியிடமிருந்தோ வந்ததாகவே தோன்றியது. அறிமுகமானவர் பெயரைக் கண்டு பலரும் ஐயுறவில்லை. சில நாள்களிலேயே கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. பிரிட்டன் நாடாளுமன்றமும் தன் மின்னஞ்சல் சேவையைச் சிறிது நேரம் நிறுத்த நேர்ந்தது.

அப்புழுவை உருவாக்கியவர் மணிலாவில் கணினி பயின்ற ஓர் இளைஞர். அக்குற்றத்திற்குரிய சட்டம் அப்போது அந்நாட்டில் இல்லாமையால் அவர் தண்டிக்கப்படவில்லை. இந்தியாவில் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையிலுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டம், கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவதைத் தடை செய்கிறது.

எல்லாப் புழுக்களும் கடிதமாக வருவதில்லை. 2017 மே மாதத்தில் பரவிய 'வான்னாகிரை' என்னும் புழு, புதுப்பிக்கப்படாத விண்டோஸ் கணினிகளில் நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களிலும் சில ஊராட்சி அலுவலகக் கணினிகள் முடங்கின.

பின்வருவன பாதுகாப்பிற்குரிய வழிகள்:

1. எதிர்பாராத இணைப்பைத் திறத்தல் கூடாது. அனுப்பியவர் அறிந்தவரே ஆயினும், தொலைபேசியில் அவரிடம் கேட்டறிதல் வேண்டும்.
2. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை நோக்குதல் வேண்டும். '.இஎக்ஸ்இ', '.விபிஎஸ்' போன்றவை நிரலைக் குறிக்கும்.
3. 'உடனே திற', 'பரிசு வென்றுள்ளீர்' என அவசரமோ ஆசையோ ஊட்டும் சொற்களை ஐயுறல் வேண்டும்.
4. கணினியையும் பாதுகாப்பு மென்பொருளையும் புதுப்பித்தல் வேண்டும். படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறிடத்தில் படி வைத்திருத்தல் நலம்.

அறியாமல் திறந்துவிட்டால், இணையத் தொடர்பைத் துண்டித்துப் பெரியவர்களிடம் உடனே கூறுதல் வேண்டும். அச்சத்தால் மறைத்தலே பெருந்தீங்கு. கொச்சியில் வாழும் ஒரு குடும்பத்தின் முகவரிப் பட்டியலில் தந்தையின் பணியிடமும் உண்டு. ஊரிலுள்ள மாமாவும் சித்தப்பாவும் உண்டு. பிள்ளை வாய் திறவாதிருக்கும் நேரத்தில், புழு அவர்கள் அனைவருக்கும் அக்குடும்பத்தின் பெயரால் கடிதம் எழுதிவிடும். காலத்தே சொல்லப்படும் ஒரு சொல் அவர்களையும் காக்கும்.

பயிற்சி

1. நச்சுநிரலுக்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'ஐ லவ் யூ' மின்னஞ்சலைப் பலர் நம்பியமைக்குரிய காரணங்கள் இரண்டனை எழுதுக.
3. மாமாவின் முகவரியிலிருந்து 'திருமணப்படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ' என்னும் இணைப்பு வருகிறது. செய்யத்தக்கது யாது? காரணத்துடன் விளக்குக.