உங்களுக்குத் தெரியுமா? வாயின் கூரைதான் மூக்கின் தரை

● நாக்கு நுனியை மடக்கி மேலண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்படும் அந்த எலும்புக்கு மேலே மூக்கு ஆரம்பித்துவிடுகிறது. வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை, இரண்டும் ஒரே பலகைதான். அண்ணம் குறுகி, ஆழமாகக் குழிந்திருப்பவர்களில் பலருக்கு மூக்குக்குள்ளும் இட நெருக்கடி இருப்பது இதனால்தான். மூச்சு சரியில்லை என்று பல் டாக்டரிடம் போனால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

● அந்தப் பலகை ஒன்றல்ல, இரண்டு. நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு தையல் ஓடுகிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி, கப்பல் வந்தபோதெல்லாம் நடுவில் பிரிந்து இரு பக்கமும் உயர்ந்தது. ஆட்கள் நின்று கைவலுவால்தான் திறந்தார்கள். குறுகிய அண்ணத்தை விரிக்க ஒரு கருவி உண்டு, அதிலும் நடுவில் ஒரு ஸ்க்ரூ. சாவி போட்டுத் தினமும் கொஞ்சம் திருப்பினால் இரண்டு பாதியும் விலகும். பிள்ளைகளுக்கு இது சுலபம். பெரியவர்களுக்குத் தையல் இறுகிப்போயிருக்கும், சிக்கலே அங்கேதான். (2025 ஏப்ரலில் வந்த புதுப் பாலம் நடுவில் பிரிவதில்லை, மொத்தமாக மேலே போகிறது. ஆகவே உவமை பழைய பாலத்தோடு சரி.)

● இந்த வைத்தியத்துக்கு வயது நூற்றி அறுபதுக்கு மேல். சான் பிரான்சிஸ்கோ பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல், 14 வயதுப் பெண் ஒருத்தியின் மேல்வாயில் ஸ்க்ரூ பொருத்தி, இரண்டே வாரத்தில் அண்ணத்தை விரித்ததாக 1860-இல் எழுதினார். முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்ததுதான் அவர் காட்டிய சாட்சி. சக மருத்துவர்கள் நம்பவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 35 வருஷம் இருந்ததால் படம் எடுத்துக் காட்டவும் வழியில்லை. 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்பவர் மறுபடி கையில் எடுத்த பிறகே உலகம் முழுக்கப் பரவியது.

● தையல் எத்தனை வயதில் மூடும்? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பதின்வயதிலேயே மூடியவர்கள் உண்டு. 71 வயதிலும் எலும்பாகாமல் இருந்த தையல் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால் ‘உங்களுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது, முடியாது’ என்பதும் தப்பு, ‘முப்பதுதானே, வந்துவிடும்’ என்பதும் தப்பு. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, தையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை ஏ முதல் ஈ வரை ஐந்து கட்டமாகப் பிரித்துப் பார்க்கும் முறை 2013-இல் வந்தது. ஸ்கேன் பார்க்காமலே அளவெடுக்கத் தொடங்கும் கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கட்சி.

● பெரியவர்களுக்கென்று வந்தது ‘மார்ப்’. வழக்கமான கருவி பல்லைப் பிடித்துக்கொண்டு தள்ளும். பெரியவர்களிடம் அப்படித் தள்ளினால் தையல் பிரியாது, பல்தான் வெளிப்பக்கம் சாயும், ஈறு இறங்கும். மார்ப் கருவியோ சின்னச் சின்ன ஸ்க்ரூக்களால் நேரே அண்ணத்து எலும்பில் இறங்கி நிற்கிறது. கொரியாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 69 பேருக்குப் பொருத்தியதில் 60 பேருக்குத் தையல் பிரிந்தது. ஆனால் அவர்களின் சராசரி வயது 21-ஐ ஒட்டித்தான். நாற்பதைத் தாண்டியவர் அந்தக் கணக்கை அப்படியே தமக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது.

● சாவியைத் திருப்புவது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். அண்ணாந்து படுக்கவைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஸ்க்ரூவின் துளையைத் தேடி, சாவி நுனியை நுழைத்து, முன்னிருந்து பின்னாகத் தள்ள வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான் விலகும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குத் தண்டுப் பக்கம் ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். சில வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வாரங்களில் கருப்பட்டி மிட்டாய் கருவியில் அப்பிக்கொள்ளும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை அரைத்துவிட்ட மீன்குழம்பு, புண்ணான அண்ணத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

● தையல் பிரியவே பிரியாதவர்களுக்கு அறுவை சிகிச்சையின் துணையோடு விரிக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் பெரியவர்களுக்கென்றே இதை மெருகேற்றினார்கள். அங்கே 75 பேரைப் பார்த்ததில், மணிக்குச் சராசரியாகப் பதினேழு, பதினெட்டுத் தடவை மூச்சு தடைபட்டது எட்டாகக் குறைந்தது. பாதிக்கு மேல் குறைவு, நல்ல சேதிதான். ஆனால் ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் பிரச்சினை இல்லை என்று கணக்கு. விளம்பரங்கள் முதல் வரியைச் சொல்லும், இரண்டாவது வரியை விட்டுவிடும்.

● இனி முக்கியமான சங்கதி. மூச்சு எங்கே அடைக்கிறது என்று தெரியாமல் அண்ணத்தை விரிப்பது வீண். மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், அலர்ஜியில் உள்தோல் வீங்கியிருக்கலாம், தொண்டைப் பக்கம் சுருங்கலாம், உடல் எடையும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றுக்குப் பல் டாக்டரிடம் வேலையே இல்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மூக்கை ஒட்டிய கன்னத்தை விரலால் லேசாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சை உள்ளே வாங்குங்கள். சட்டென்று லேசானால், தடை மூக்குத் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் குறுகிய இடத்தில் இருக்கலாம். இதை இ.என்.டி. டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

● மூக்கின் இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்க, மறுபக்கம் விடும். இடகலை, பிங்கலை என்று சரம் பார்த்த நம்மவர்களுக்கு இது பழைய செய்தி. இதையே ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895-இல் எழுதிவைத்தார். அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் எலும்பைச் சந்தேகிக்கும் முன் உள்தோலைச் சந்தேகியுங்கள்.

● மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தில் பலவற்றை ஐந்து நாளைக்கு மேல் தொடர்ந்து விட்டால் அடைப்பு திரும்பி வரும், முன்னைவிடக் கடுமையாக. அதற்கும் அதே மருந்தை விடுவார்கள். வருஷக்கணக்கில் தலையணைக்கு அடியில் பாட்டில் வைத்திருப்பவர், அண்ணத்தில் ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுச் சொட்டு மருந்தை நிறுத்திப் பார்ப்பது மலிவு.

● அடைக்காத மூக்கின் அருமை தெரிந்தவர்கள் நம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் சின்னப்பாலம், பாரதிநகர் பக்கம் சிலிண்டர் எதுவும் இல்லாமல், கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார்கள். மூக்கும் காதும் உள்ளே ஒரு குழாயால் இணைந்திருப்பதால், சளி பிடித்த நாளில் ஆழத்துக்குப் போனால் காது குத்தும். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சூழல் காப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தபோது இவர்களை உலகம் திரும்பிப் பார்த்தது.

● குறட்டை மட்டும் நோயல்ல. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதுதான் கணக்கு, மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் தீவிரம். தூங்குகிறவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். “திடீர்னு சத்தமே நின்னுபோகும், அப்புறம் திணறிக்கிட்டு எழுந்திருப்பாக” என்று மனைவி சொல்வது டாக்டருக்கு நல்ல துப்பு. ஆனால் தூக்கப் பரிசோதனை செய்து நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை, பல் மருத்துவர் சந்தேகப்பட்டு அனுப்பிவைக்கலாம் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமே 2019 அறிக்கையில் சொல்லிவிட்டது.

● 2023 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பெரியவர்களின் தாடையை மாற்றியமைப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட சில கருவிகளைப் பற்றி எச்சரித்தது. பல் ஆடிப்போனது, ஈறு சேதம், தீராத வலி என்று புகார்கள் வந்திருந்தன. எலும்பில் ஸ்க்ரூ இறக்காமல், அறுவையும் இல்லாமல் ‘தாடையை வளர்த்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் ஆதாரப் படம் கேளுங்கள்.

● ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. மூக்கையும் தொண்டையையும் காட்ட முதலில் அங்கே போகலாம். தமிழ்நாட்டின் மூன்றாவது அரசு பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில் 2023-இல் வந்தது. சென்னைக்கு பஸ் ஏறும் முன் அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் போனால் கருவியின் விலையை மட்டும் கேட்காதீர்கள். விரித்த பிறகு பல்லை வரிசைப்படுத்தக் கிளிப் போட வேண்டியிருக்கும், பெரிய செலவு பல சமயம் அதுதான்.

● விசைப்படகில் இரவு தங்கும் மீனவருக்கு, மூச்சுத் தடைக்குக் கொடுக்கும் சிபாப் மெஷின் கரையில்தான் உதவும். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் உருவாக்கிய அருமையான சாதனம், ஆனால் கரண்ட் வேண்டும். இதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் மாற்று வழியை அவர் யோசிப்பார். அண்ணத்தை விரிப்பதென்று முடிவானால் தேதி விஷயத்தில் மட்டும் நமக்கு ஒரு வசதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சாவி திருப்பும் வாரங்களும் அடிக்கடி போய்க் காட்ட வேண்டிய நாட்களும் அதற்குள் அடங்கிவிடும். பிறகு புது எலும்பு இறுக நாலைந்து மாதமாவது கருவி வாயிலேயே இருக்கும், அதோடு கடலுக்குப் போகலாமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.